மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். 'வறண்டு போகும் காலநிலையும் நெல் விளைச்சலும்' என்று தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள். அந்தத் தலைப்பில் பயிற்சியின்போது நாலு நாள் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். சிவப்புக் கோடு மேலே போகும், நீலக் கோடு கீழே வரும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கியிருப்பீர்கள். நானும் அப்படித் தூங்கியவள்தான். ஆகவே கோடுகளை விட்டுவிட்டு நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருட வேலையில் பிழைக்கு எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இருப்பதில் பெரியதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பத்துப் பெண். அப்பாவுக்குத் தச்சுப் பட்டறை. எங்கள் வீட்டுக்கு நெல் அரிசியாக வந்துதான் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் செங்கலடிப் பக்கம் ஒரு வயலைப் பார்த்து, என்ன செழிப்பு, என்ன பச்சை என்று வயல்காரரைப் பாராட்டினேன். அது நெல் இல்லை, புல். அந்தத் துண்டை அவர் உழாமல் விட்டிருந்தார். அவர் பெரிய மனிதர், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஓம் மிஸ், இந்த முற நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். மறுகிழமை செங்கலடிச் சந்தையில் மரக்கறிக்காரி என்னைக் கண்டதும், புல் மிஸ்ஸுக்குக் கீரை வேணுமா என்று கேட்டாள். கதை எனக்கு முன்னமே பஸ் ஏறி வந்திருந்தது.

புல்லையும் நெல்லையும் பிறகு படித்துக்கொண்டேன். நல்ல வேலைக்காரி என்று பெயரும் எடுத்தேன். நான் சொல்லப்போகும் பிழையைச் செய்தபோது எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம். புதியவர்கள் பிழை செய்வது பெரிய விஷயமில்லை, அவர்கள் சொல்வதை யாரும் உடனே நம்பிவிடுவதில்லை. அனுபவசாலிகள் பிழை செய்தால்தான் இருபத்திரண்டு குடும்பம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

நான் சேர்ந்த காலத்தில் மாரி மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். குளங்கள் மெல்ல நிரம்பும். இப்போது அதே மழை பத்து நாளில் கொட்டித் தீர்த்து, வெள்ளமாகிக் கடலுக்குப் போய்விடுகிறது. பிறகு வானம் வெளுத்துக் கிடக்கிறது. கோடையில் விளையும் சிறுபோகம் இன்னும் மோசம். சித்திரையில் வரும் இடிமழை வந்தால் வந்ததுதான். அதற்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று சுடச்சுட வீசத் தொடங்கும். நெல் பூப்பது காலை ஒன்பது, பத்து மணிக்கு நடக்கும் ஒரு சின்ன நேரத்துக் காரியம். அந்த நேரத்தில் மண்ணில் ஈரமில்லாமல் சூட்டுக் காற்றும் அடித்தால் கதிர் நிமிர்ந்து அழகாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைச் சப்பி என்பார்கள். தலை நிமிர்ந்த கதிரைக் கண்டு யாரையும் பாராட்டிவிடாதீர்கள், அந்தப் பெயர் எனக்கு ஒருத்திக்கே போதும்.

நான் சொல்லும் வருடம் சிறுபோகத்துக்கு முன்னால் குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். செங்கலடியில் இறங்கி ஸ்கூட்டியில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல்வெளியை வட்டை என்று சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அங்கே குளத்தை ஒட்டி மேல்வட்டை, கடலோடு சேரும் வாவியை ஒட்டிக் கீழ்வட்டை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மேல்வட்டையை மட்டும் விதைப்பது, கீழ்வட்டையைத் தரிசாக விடுவது என்று முடிவாகப் போகும் நேரத்தில் நான் எழுந்தேன். இரண்டரை மாத நெல்லைப் போடுங்கள், முதல் பாதிக்கு மேல்வட்டையில் இருந்து வடியும் கழிவு நீர் போதும், பின் பாதிக்குத் தோணாவில் இருந்து இறைக்கலாம் என்றேன். தோணா என்றால் வாவியில் இருந்து வயல்களுக்குள் நீண்டு வரும் ஓடை. கோடை முற்றினால் வாவியின் உவர்நீர் அதற்குள் ஏறும். ஏறுவதற்குள் அறுத்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு பழைய வருடங்களின் கணக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகம்மாதான் முதலில் வாய் திறந்தார். நாற்பது வயதுக்காரி, கணவர் கட்டாரில் சாரதி, கீழ்வட்டையில் வாய்க்காலின் தலைப்பில் இரண்டு ஏக்கரைத் தானே செய்கிறவர். அவருடைய வாய்க்குப் பயந்து தெரு நாய்கூட ஒதுங்கிப் போகும்.

"மிஸ் சொல்றாங்க, விதைப்பம். பிழைச்சா மிஸ்ஸக் கொண்டுபோய் வயல்ல நட்டுடுவம்."

சபை சிரித்தது, நானும் சிரித்தேன், கீழ்வட்டை விதைக்கப்பட்டது. என் சொல்லை மட்டும் நம்பி இருபத்திரண்டு குடும்பம் விதைநெல்லை மண்ணில் போட்டது என்பதை இந்த இடத்தில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

பயிர் நன்றாக வந்தது. வட்டைவிதானையும் சந்தோஷமாக இருந்தார். தண்ணீரைப் பங்கிட வயல்காரர்கள் கூடித் தெரிவு செய்யும் ஆளை வட்டைவிதானை என்பார்கள். இவர் ஒல்லியான மனிதர், யார் எதைச் சொன்னாலும் ஓம் என்பவர். அந்த வட்டையில் ஒரு வழக்கம் உண்டு. விதானையாக இருப்பவரின் வயலுக்குத் தண்ணீர் முறை எப்போதும் கடைசி. அவருடைய வயல் நனைந்தால் எல்லோருடையதும் நனைந்துவிட்டது என்று அர்த்தம். சட்டப் புத்தகம் எதிலும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் ஒரு சண்டை. உவர்நீர் ஏறாமல் இருக்கட்டும் என்று வயல்காரர்கள் தோணாவின் வாயில் மண் மூடைகளை அடுக்கிக் கட்டுப் போட்டார்கள். தோணாவுக்குள் வலை போடும் மீன்காரர்களின் தோணிகள் போய்வர வழியில்லாமல் போனது. ஒரு நாள் விடியப் பார்த்தால் மண் கட்டு வெட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் கரையில் நின்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் யோகம்மா, மீன்காரர் ஒருவரின் தோணியைக் காட்டி, இது தோணியா பாடையா என்று கேட்டுவிட்டார். மீன்காரனின் தோணியைப் பாடை என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை இல்லை. நான் வயல்காரர்களுக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மீன்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னுடைய பெயர்ப் பட்டியலில் வயல் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

ஆனி மாதம் பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தது, கதிர் வயிற்றுக்குள் இருந்தது. மேல்வட்டைக் கழிவு நீர் நான் சொன்ன நாளைவிட இரண்டு கிழமை முன்னதாகவே நின்றுவிட்டது. விதானையின் வயல் வெடித்தது. இறைக்கலாமா என்று கேட்டு எனக்கு ஆள் வந்தது.

காலை எட்டு மணிக்குப் போனேன். காற்று இன்னும் எழும்பவில்லை, தோணா கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மதகில் நின்று போத்தலைக் கயிற்றில் விட்டுத் தண்ணீர் எடுத்தேன். உப்பு அளக்கும் கருவியை அதற்குள் வைத்தேன். நல்ல தண்ணீர். இன்னொரு இடத்தில் எடுத்தேன், அதுவும் நல்ல தண்ணீர். இருபது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறையுங்கள் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்த் தேநீர் குடித்தேன். அந்தத் தேநீரின் ருசி இன்றைக்கும் நினைவிருக்கிறது, அவ்வளவு நிம்மதி.

இயந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டிக் குழாயை இறக்க மத்தியானம் ஆகியிருக்கிறது. இரண்டரை மணிக்கு யோகம்மா தொலைபேசியில் வந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாததே எனக்குப் பயமாக இருந்தது.

"மிஸ், உங்கட மெசின் நல்ல தண்ணி எண்டு சொல்லிட்டு. தவளையளுக்கு ஆர் சொல்றது? எல்லாம் வரம்பில ஏறி நிக்குது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். புதுத் தண்ணீரைக் கண்டால் கும்மாளம் போட வேண்டிய தவளைகள் கல்யாண வீட்டில் சோறு கிடைக்காதவர்கள் போல வரம்பு முழுக்க வரிசையாகக் குந்திக்கொண்டிருந்தன. யோகம்மாவுக்கு ஆறு வரவை, அதாவது வரம்பு கட்டிய ஆறு துண்டு. முன் இரண்டு வரவைக்கும் தண்ணீர் பாய்ந்திருந்தது. தவளையைக் கண்டதும் அவர் வாய்க்காலை அடைத்து இயந்திரத்தையும் நிறுத்த வைத்துவிட்டார். அதைச் செய்திராவிட்டால் வட்டை முழுக்கப் போயிருக்கும். வயல் தண்ணீரில் கருவியை வைத்தேன். எண் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துக் கருவி பழுது என்று நினைத்தேன். ஓடிப்போய் மதகில் நின்று மறுபடி தோணாத் தண்ணீரை எடுத்தேன். அன்றைக்குக் கச்சான் மெதுவாகத்தான் வீசியது, உப்புக் காலையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது, ஆனாலும் பாய்ச்சலாம். ஒரே தோணா, ஒரே குழாய், கரையில் நல்ல தண்ணீர், வயலில் உப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுற்றி நின்றவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கருவி நல்லது என்கிறது, தொடர்ந்து இறைப்போம், இல்லாவிட்டால் மூன்று நாளில் எல்லாம் கருகிவிடும் என்றார்கள் ஒரு பக்கம். மற்றப் பக்கம் என்னையும் தவளைகளையும் மாறி மாறிப் பார்த்தது. சரி, இறைப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. என் கையில் இருந்த எண் என் பக்கம்தானே. இரண்டு தடவை பார்த்தேன், நல்ல தண்ணீர், நான் என்ன செய்ய என்று பிறகு அறிக்கையும் எழுதலாம். ஆனால் அந்தத் தவளைகளுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாத ஒன்று கண்ணுக்கு முன்னால் குந்தியிருக்கும்போது எண்ணை நம்பி நடக்காதீர்கள். இனி இறைக்க வேண்டாம் என்றேன். ஒருத்தர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டுப் போனார்.

தோணாவின் அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.  யோகம்மா மட்டும் எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டு, தெரிஞ்ச ஆக்கள் இருக்காங்க, நம்மளோட கதைக்க மாட்டாங்க என்றார்.

எதிர்க் கரையில் அந்தப் பாடைத் தோணிக்காரர் சாயந்தர வலைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். மத்தியானத்தில் இருந்து நடந்த எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், கடிதம் எழுதின மிஸ்தானே என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் வலையைப் பிரித்தார். பிறகு, ஏறுங்க என்று தோணியைக் காட்டினார். நகரத்துப் பெண் சேலையோடு தோணியில் ஏறும் காட்சியை இக்கரையில் இருபது பேர் இலவசமாகப் பார்த்தார்கள்.

நடுத் தோணாவில் அவர் ஒரு வெறும் சாராயப் போத்தலை எடுத்து, கழுத்தில் ஒரு கயிறும் மூடிக் கட்டையில் ஒரு கயிறுமாகக் கட்டினார். கல்லைச் சேர்த்துக் கட்டிப் போத்தலை அடி மட்டும் இறக்கினார். மூடிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். குமிழி வந்தது. போத்தலைத் தூக்கி என்னிடம் நீட்டினார். கருவியை வைக்கத் தேவையே இருக்கவில்லை, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்.

"மேல கட்டுற வலையில குளத்து மீன் வரும். அடி வலையில கொடுவா வரும். ரெண்டு தண்ணி மிஸ். மேல உள்ளது வயல்காரர்ர, அடியில உள்ளது எங்கட."

நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம். காற்றில்லாத தோணாவில் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படுத்துக் கிடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? படித்துப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்த விஷயம். ஆனால் நான் போத்தலை மேலே விட்டேன், அவர்கள் குழாயின் வாயை அடியில் போட்டார்கள். தண்ணீரை எங்கே எடுத்தேன் என்று மட்டும் பார்த்தேனே தவிர, குழாய் எங்கே குடிக்கப் போகிறது என்று கேட்கவில்லை. பிள்ளைகளே, இவ்வளவுதான் என் பெரிய பிழை. வேண்டுமானால் சிரியுங்கள்.

அவரிடம் வழியும் இருந்தது. வலைக்குக் கட்டும் மிதப்புகளைக் குழாயின் வாயில் கட்டி ஒரு சாண் ஆழத்தில் நிறுத்துங்க என்றார். தோணியை நடுவில் நிறுத்தி அதில் குழாயைப் பிடிக்க வேண்டும். விடியத் தொடங்கி எட்டரை மணி வரைக்கும்தான் இறைக்கலாம். அதற்குப் பிறகு கச்சான் எழும்பி மேலையும் அடியையும் கலக்கிவிடும். மிதப்பு அவரிடம், தோணி அவரிடம். தருவீர்களா என்று கேட்டேன். வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்களுக்குத் தரமாட்டன். பாடை எண்டு சொன்னவ வந்து கேக்கட்டும்."

கரைக்கு வந்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். வரும் வழியில் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக யோசித்திருந்தேன். கருவியின் வரையறை, பருவத்தின் மாற்றம் என்று நல்ல நல்ல வசனங்கள். கடைசியில் வந்தது வேறு. "நான் சொன்னது பிழை. மேல்தண்ணியப் பாத்துட்டு அடித்தண்ணிய உங்கட வயலுக்க விட்டுட்டன்" என்றேன். யாராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஏசவில்லை. அப்ப இனி என்ன செய்யிற என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நம் மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை.

இனித்தான் கஷ்டமான இடம். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத் தண்ணீர். யோகம்மாவின் முன் இரண்டு வரவையையும் காப்பாற்ற வேண்டுமானால் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி வடித்து, மறுபடி பாய்ச்சி வடித்து, உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு மூன்று நாள் தண்ணீர் போகும். அந்த மூன்று நாளில் வட்டையின் கடைப் பக்கம் முழுக்கக் கதிர் தள்ளும் நேரத்தில் காய்ந்து சப்பியாகிவிடும். கடைப் பக்கத்துக்கும் கடைசி, விதானையின் வயல். அவர் தன் வழக்கமான மெல்லிய குரலில் முந்திக்கொண்டார்.

"அவட வயலக் கழுவுங்க மிஸ். அவதான் அடைச்சு எல்லாரையும் காப்பாத்தினவ. என்ட போனாப் போகட்டும்."

எனக்கும் அதுதான் ஆசை. உப்பை ஊற்றியவள் நான், நானே கழுவினால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். அந்த ஆசைதான் என்னை யோசிக்க வைத்தது. நான் கழுவப் பார்த்தது யோகம்மாவின் வயலையா என் மனச்சாட்சியையா? குற்ற உணர்வைப் போல மோசமான வட்டைவிதானை வேறு கிடையாது. அது தண்ணீர் தேவையான இடத்துக்குப் பாய்ச்சாது, தனக்கு வலிக்கும் இடத்துக்குத்தான் பாய்ச்சும். இரண்டு வரவைக்காக ஒரு வட்டையின் பாதியைக் கொடுக்க முடியாது. கழுவினாலும் அவை தேறும் என்று நிச்சயமில்லை.

யோகம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். வேறு யாரையாவது பார்த்துச் சொல்லியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

"முன் ரெண்டு வரவையையும் விடுவம், யோகம்மா. அந்த உப்புத் தண்ணிய வடிச்சிட்டு அப்பிடியே விடுவம். நல்ல தண்ணி கடைப் பக்கத்துக்குப் போகட்டும்."

அவர் திரும்பி வரம்பால் நடந்து போய்விட்டார்.  கண்ணில் வெயில் குத்துகிறது என்று யாரிடமோ சொன்னேன், வெயில் அப்போது முதுகுப் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். தன் முன் வரவைகளின் வக்கடைகளை, தண்ணீர் பாயும் அந்த வாய்களை, மண் வெட்டிப் போட்டுத் தானே அடைத்தார். காலால் மிதித்து இறுக்கினார். பின் பக்கத்தால் தோணாவுக்கு வடியும் வழியை வெட்டிவிட்டார். நிமிர்ந்து, மிச்சம் நாலுக்கும் என்ட முறை எப்ப என்று விதானையிடம் கேட்டார். எட்டாம் நாள், கடைப் பக்கம் காய்ந்து கிடப்பதால் இந்த முறை மட்டும் தன் வயலுக்கும் பிறகு என்றார் விதானை. சரி என்று மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

அன்றைக்கு அவருக்கு இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. இரண்டு வரவையை இழந்த கையோடு, பாடை என்று சொன்ன வாயால் போய் மிதப்புக் கேட்க வேண்டும். அதை அவரிடம் சொல்ல விதானைக்குத் தைரியம் வரவில்லை, நான்தான் சொன்னேன். யோகம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தில் சொன்னபடி என்னை நட இடம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு நேரே தோணாவின் ஓரத்துக்குப் போனார். தோணிக்காரர் தோணியை இக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்தார்கள்.

"மிதப்பு எத்தின கிடக்கு?"

"என்னத்துக்கு?"

"வெள்ளாமைக்கு."

"பாடையில கட்டுற மிதப்பு வெள்ளாமைக்கு ஆகுமா?"

யோகம்மா மூச்சை இழுத்து விட்டார். "நான் சொன்னது பிழை. நீங்க கட்ட வெட்டினதும் பிழை."

தோணிக்காரர், "ஓம். ரெண்டும் பிழைதான்" என்று சொல்லிவிட்டு, குனிந்து வலையில் இருந்து மிதப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். இந்த ஊரில் நான் பார்த்த மிகச் சுருக்கமான சமாதானப் பேச்சு அதுதான். அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

அடுத்த நாள் விடியத் தொடங்கினோம். முறை வைத்து ஒரு வயல்காரர் தோணியில் இருந்து குழாயைப் பிடிக்க வேண்டும். வயலில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மனிதர்கள் தோணியில் ஏறியதும் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்கள். தொப்பியை அடித்துவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் தலைகுப்புற விழுந்தார், மீன்காரர்கள் அவரை வலை போட்டுத் தூக்கலாமா என்று விசாரித்தார்கள். நான் ஒவ்வொரு காலையும் சாராயப் போத்தலும் கயிறுமாக நின்றேன். ஒரு சாணில் ஒன்று, ஒரு முழத்தில் ஒன்று, அடியில் ஒன்று. எட்டு மணிக்கு மேல் கால் மணிக்கு ஒரு தடவை. காற்று எழும்பி எண் ஏறத் தொடங்கியதும் கையைத் தூக்குவேன், இயந்திரம் நிற்கும். ஏழாம் நாள் விதானையின் வயல் நனைந்தது. அவர் வரம்பில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, காணும், காணும், தண்ணீர் போதும் என்று கத்தினார். அவருடைய குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் யோகம்மாவின் மிச்சம் நாலு வரவைக்கும் பாய்ந்தது. மழை வரவில்லை. வரும் என்று நாங்களும் காத்திருக்கவில்லை.

ஆவணியில் அறுவடை இயந்திரம் இறங்கியது. பழைய சிறுபோக விளைச்சல் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வீட்டுக்குச் சோறும், கொஞ்சம் விற்கவும், அடுத்த போகத்துக்கு விதைக்கவும் நெல் வந்தது. யோகம்மாவின் முன் இரண்டு வரவையில் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. கையில் எடுத்துக் கசக்கினேன், ஊதினேன், எல்லாம் பறந்தது. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இயந்திரக்காரரிடம் அதை வெட்ட வேண்டாம், எரிபொருள் வீண் என்று யோகம்மாவே சொன்னார்.

நான் அந்த வரம்பில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். அறுத்த நாலு வரவையின் நெல் பின்னால் தரையில் விரித்த படங்கில் குவிந்து கிடந்தது. முகத்தில் தூசி, வாயில் வெற்றிலை. இந்த இரண்டு வரவையையும் பெரும்போகத்துக்கு விதைக்கலாமா, மழை உப்பைக் கழுவுமா என்று கேட்டார்.

இருபத்தைந்து வருடமாக இப்படிக் கேட்ட யாருக்கும் நான் பதில் இல்லாமல் நின்றதில்லை. மழை நேரத்துக்கு வந்தால் கழுவும். வந்த மழை பத்து நாளில் ஓடிவிட்டால் கழுவாது. எப்படி வரும் என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சும்மா ஆறுதலுக்கு ஓம் என்று சொல்லலாம், அவரும் விதைப்பார். அந்தச் சப்பிக் கதிர் இன்னும் என் கையில் இருந்தது.

"தெரியாது, யோகம்மா" என்றேன். "மண்ணை எடுத்துப் பாக்கணும். மாரியில ரெண்டு மழைக்குப் பிறகு மறுகா பாக்கணும். இப்ப கேட்டா எனக்குத் தெரியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"அப்ப சரி. நீங்க பாத்துச் சொல்லுற அண்டைக்கு விதைக்கிறன்."